கோட்டுக்கும் கோட்டைக்கும் நன்றி

எடின்பரோ நண்பர்களுக்கு வணக்கம்.

அப்பா பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். போனில் கேட்ட முதல் கேள்வியே, "அந்தக் கோட் குடுத்த தம்பிகிட்ட சொல்லிட்டியா?" என்பதுதான். அதற்காகத்தான் இந்த மடல்.

வாழ்நாளெல்லாம் கொத்தனாராக இருந்தவர் அப்பா. எடின்பரோ கோட்டையைச் சுற்றிக் காட்டினால், "நல்லாத்தான் வச்சிருக்காங்க. இடிஞ்சது ஒண்ணும் இல்லையா?" என்றார். இடிந்தால்தானே சுவருக்குள் என்ன வைத்துக் கட்டினான் என்று தெரியும்! நார்த் பெர்விக் ஊர் தாண்டி, இடிந்து நிற்கும் டான்டாலன் கோட்டைக்குக் காரில் கூட்டிப்போன நண்பருக்கு முதல் நன்றி. எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்த அவர் மனைவிக்கும். காற்றுக்குப் பயந்து புறா வளர்த்த பழைய கல் கட்டடத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

மூன்று பக்கம் கடலும் செங்குத்துப் பாறையும். தரைப்பக்கம் மட்டும் ஒரே மதில். 50 அடி உயரம், 12 அடி கனம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் டக்ளஸ் என்ற பிரபுக் குடும்பம் கட்டியது. அப்பா அதை அண்ணாந்து பார்க்கவில்லை. கிட்டே போய்த் தேய்த்தார். சிவப்பு மணற்கல், பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. வாசல் கோபுரத்துக்கு வந்ததும் நின்றார். அங்கே கல் பச்சை நிறம். முனை மழுங்கவே இல்லை. "இது வேற காலத்து வேலை" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கோட்டை ஊழியரம்மா முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அரைமணி நேரம் அப்பாவுக்காகவே ஒதுக்கினார். 1528இல் ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் 20 நாள் பீரங்கியால் அடித்தும் கோட்டை விழவில்லையாம். பிறகு அது அவர் கைக்கே வந்தபோது, மதிலுக்குள் இருந்த அறைகளைக் கல் போட்டு அடைத்து, வாசல் முகப்பையும் பச்சைக் கல்லால் பலப்படுத்தினாராம். உடைக்கப் பார்த்தவருக்குத்தானே பலவீனம் எங்கே என்று தெரியும்.

அதுவும் 1651 வரைதான் தாங்கியது. படையெடுத்து வந்த ஆங்கிலேயத் தலைவர் கிராம்வெல்லின் தளபதி மாங்க் 12 நாள் சுட்டதில் ஓரத்துக் கோபுரம் சரிந்து, அந்தக் கல்லே அகழியைத் தூர்த்துவிட்டது. "சுவரே பாலம் போட்டுக் குடுத்துட்டுதே" என்று அப்பா உச்சுக்கொட்டினார், தான் கட்டியது விழுந்த மாதிரி.

சுருள் படியில் முழங்கால் மக்கர் பண்ண, பின்னால் வந்த ஸ்காட்லாந்துப் பையன்கள் இருவர் ஆளுக்கொரு கை பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். மேலே நின்றால் எதிரே கடலுக்குள் பாஸ் பாறைத் தீவு, சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை வெளேரென்று. அத்தனையும் கடற்பறவை.

கோட் தந்த தம்பிக்கு: சலவைக்குப் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுவருகிறேன். வலது கையில் சிவப்புக் கறை கொஞ்சம் போகவில்லை. மன்னிக்கணும்.