முகம் கறுக்கும் பகிடிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு வேண்டியது அமெரிக்கர் ஜோர்ஜ் கார்லினின் துணிச்சல் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களை மேடையில் சொன்னதற்காக 1972இல் மில்வாக்கி நகரில் கார்லின் கைதானார். அதையொட்டிய இன்னொரு பகுதியை வானொலி ஒன்று ஒலிபரப்பப்போய், வழக்கு 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரிய கலைஞர், மறுப்பில்லை. ஆனால் அந்த மருந்து எங்கள் நோய்க்கு ஆகாது.

இங்கே கெட்ட வார்த்தைக்கு எப்போது பஞ்சம் வந்தது? தவறணையில் கேட்கலாம், கிரிக்கெட் மைதானத்தில் கேட்கலாம், எல்லை வேலிச் சண்டையில் அதிகாலையிலேயே கேட்கலாம். பட்டிமன்றத்தின் இரட்டை அர்த்தப் பேச்சுக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து கைதட்டுகிறோம். அதனால் எவருக்கும் முகம் கறுப்பதில்லை. கறுக்க வைப்பவை வேறு: சாதி, சீதனம், வெளிநாட்டுக் காசு, கோவில் நிர்வாக சபையின் கணக்கு. போர்க்காலத்துக்குள் நாங்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டவற்றைப் பற்றிப் பகிடி சொல்ல இன்னும் எவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டியவர் கறுப்பின அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் என்பேன். அவர் முதலில் பில் கொஸ்பியின் பாணியில், யாரையும் நோகடிக்காத பகிடிகளால் பெயர் வாங்கியவர். 1967இல் லாஸ் வேகாஸில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். அதன் பிறகுதான் பாட்டி நடத்திய விபசார விடுதியில் தான் வளர்ந்த கதை அவர் மேடைக்கு வந்தது. 1980இல் கொக்கெய்ன் போதையில் உடலில் தீப்பற்றிச் சாவின் வாசலுக்குப் போய்த் திரும்பினார். 1982இல் வெளிவந்த அவரது மேடை நிகழ்ச்சிப் படத்தில் அதைச் சொல்கிறார். பாலில் பிஸ்கட்டைத் தோய்த்தேன், வெடித்துவிட்டது என்று முதலில் புளுகுகிறார். சபை சிரித்து ஓய்ந்ததும், போதைக் குழாய் தன்னோடு பேசியதையும் அது சொன்னபடியெல்லாம் தான் ஆடியதையும் ஒளிக்காமல் சொல்கிறார். முடிவில் தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தித் துள்ளத் துள்ள நகர்த்திக் காட்டி, இது என்ன தெரியுமா, தெருவில் ஓடுகிற ரிச்சர்ட் பிரையர் என்கிறார். ஊரார் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்த பகிடி அது. அதையும் அவரே எடுத்துச் சொல்லிவிட்டால் ஊருக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லைத் தன் இசைத்தட்டுகளின் தலைப்பிலேயே போட்டவர் பிரையர். 1979இல் கென்யா போய்வந்த பின் அதைக் கைவிட்டார். சலவைத் தொழிலாளியின் நடையையும் மலையகத்தவரின் பேச்சையும் பழித்துக் காட்டியே நாங்கள் எத்தனை பகிடி நாடகம் போட்டோம் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். எவர் மனமும் புண்படாத பகிடி என்று அவற்றுக்குத்தான் பெயர்.

அண்மையில் நகரத்தில் சிறிய மண்டபம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சிக்கு என் பேத்தி என்னை அழைத்துப் போனாள். நான்கைந்து பேர் பேசினார்கள். பெரும்பாலும் காதல், கைபேசி, கணித ஆசிரியர். கடைசியாக வந்த இளைஞர் தன் வீட்டுக்கு வந்த கலியாணப் புரோக்கரைப் பற்றிச் சொன்னார். "அவர் சாதி கேட்கவே இல்லை, மிகவும் பண்பானவர். ஊர் கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்றார். கோவிலுக்கு மேற்கேயா கிழக்கேயா என்றார். எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள் என்றார். கூகுள் வரைபடத்துக்கே எங்கள் வீடு தெரியாது, அவர் கண்டுபிடித்துவிட்டார்." பின்வரிசைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசை கூரையைப் பார்த்தது. பெரியவர் ஒருவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வாசலில் நின்ற ஏற்பாட்டாளரிடம் அவர் கேட்டதைப் பேத்தி காதால் கேட்டிருக்கிறாள்: "தம்பி எந்த இடம்? யாருடைய மகன்?"

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத ஐந்து நிமிடம் அது. அந்த இளைஞரின் கை ஒலிவாங்கியில் நடுங்கியதை நான் பார்த்தேன்.

இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி என்பவர்களுக்கு ஒரு சொல். 1963இல் தொடங்கிய 'சிரித்திரன்' இதழில் சுந்தர் எங்கள் வீட்டுப் பெருமைகளையெல்லாம் கேலிச்சித்திரமாய்க் கீறினார். கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் பஸ் நடத்துநராக ஒற்றை ஆளாய் நின்று ஒரு பஸ் நிறையச் சனத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஒற்றை ஆள் மேடை எங்களுக்குப் புதிதல்ல.

ஆபத்தும் புதிதல்ல. 2023 மே மாதம் மத நிந்தனைக் குற்றச்சாட்டில் நத்தாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். மனித உரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக 2007இல் இயற்றிய சட்டத்தின் கீழேயே அவரை உள்ளே வைத்தார்கள். ஜூலையில்தான் பிணை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பொலிஸ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மண்டபக்காரர் அடுத்த முறை மண்டபம் இல்லை என்று சொன்னால் போதும். அந்த இளைஞருக்கு இரண்டாவது மேடை கிடைக்குமா என்பதே என் கவலை. உங்கள் கலைப்பக்கம் அவரைப் போன்றவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கலாம்.

உங்கள் ஞாயிறு இதழின் 'மணமகன் தேவை' விளம்பரங்களில் இன்ன சாதி என்று இன்னமும் வெளிப்படையாகவே அச்சாகிறது. இந்தக் கடிதத்தை அதற்கு எதிர்ப்பக்கத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கரவெட்டி.