ரசீதில் எண்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். கண்புரை அறுவை முடிந்து, திரையைப் பார்க்க மருத்துவர் அனுமதித்த பிறகு நான் நிதானமாகப் படித்தது உன் நீண்ட மின்னஞ்சலைத்தான். வாழ்நாள் முழுவதும் வங்கிப் பேரேட்டோடு பழகிய நீ, ஓய்வு பெற்றபின் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, குடியிருப்போர் சங்கத்தின் சந்தாக் கணக்கை நிரலாக எழுதத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பட்டியல் வரிசை தவறுகிறது, ரசீதில் தொகை அசிங்கமாக அச்சாகிறது, எழுத்தால் எழுதச் சொன்னால் தமிழ் தமிழாக இல்லை என்று நீ அடுக்கியிருக்கும் குறைகள் மூன்றுக்கும் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கோப்பைத் திறந்தவுடனே முதல் குறைக்குக் காரணம் புரிந்துவிட்டது. நிலுவைத் தொகைகளை ‘12,000.00’, ‘9,500.00’ என்று காற்புள்ளியும் பைசாவும் சேர்த்தே சேமித்து வைத்திருக்கிறாய். படிக்கிற நமக்கு அது தொகை. நிரலுக்கோ அது வெறும் எழுத்துகளின் வரிசை. ஆகவே 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வருவதை மட்டும் பார்த்து, பன்னிரண்டாயிரத்தை ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு முன்னால் வைத்துவிடுகிறது. அதை எண்ணாக மாற்றச் சொன்னபோது பைத்தான் பிழை காட்டி நின்றது என்று வருத்தப்படுகிறாய். நின்றது உன் நல்ல காலம். ‘12,34,567’ என்ற இதுபோன்ற எழுத்துச் சரத்தை, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சரத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்திருந்தால், முதல் காற்புள்ளி வரை படித்துவிட்டு, சத்தமே இல்லாமல் 12 என்று திருப்பித் தந்திருக்கும். ஆண்டறிக்கையில் அந்தக் கூட்டுத்தொகையை வாசித்திருந்தால் உன் பொருளாளர் பதவி என்ன ஆகியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்குச் சோறு போட்ட கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் இந்தக் குழப்பத்துக்கே இடம் இருக்கவில்லை. ஒரு தொகைக்கு இரண்டு இடங்களை ஒதுக்குவோம்: கணக்குப் போட ஒன்று, அச்சிட ஒன்று. அச்சிடும் இடத்தின் உருவத்தை ‘பிக்சர்’ என்ற பகுதியில் இசட், 9, காற்புள்ளி, புள்ளி ஆகியவற்றைக் கொண்டு எழுதிக் காட்ட வேண்டும். இசட் நிற்கும் இடத்தில் முன்னணிச் சுழியம் வந்தால் அது வெற்றிடமாகிவிடும், கூடவே தேவையற்ற காற்புள்ளியும் மறைந்துவிடும். 9 நிற்கும் இடத்தில் சுழியமானாலும் அச்சாகும். இசட்டுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் வெற்றிடமெல்லாம் நட்சத்திரமாகும் என்பதால், காசோலையில் தொகைக்கு முன்னால் ஓர் இலக்கத்தை யாரும் செருக முடியாது. காற்புள்ளியை நாம் விரும்பும் இடத்தில் வைக்கலாம். லட்சமும் கோடியும் தொல்லையின்றி அமைந்தன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அப்படி உருவம் கொடுத்த இடத்தைக் கூட்டலிலோ கழித்தலிலோ பயன்படுத்தினால், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரே மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு இன்றைய மொழிகள் பலவற்றில் இல்லை. ஆகவே கோப்பில் தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக மட்டும் வைத்துக்கொள், காற்புள்ளி, ‘ரூ.’, ‘மட்டும்’ ஆகிய அனைத்தும் ரசீது அச்சாகும் வரியில் மட்டும் பிறக்கட்டும், அங்கிருந்து திரும்பிக் கணக்குக்குள் வரவே வேண்டாம்.

பைசாவில் வை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி பின்னங்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், வைப்பதால் 2.675 என்று நீ எழுதியது உள்ளே 2.67499999999999982… என்றுதான் இருக்கும். அதை இரண்டு இலக்கங்களுக்கு முழுமையாக்கச் சொன்னால் 2.68 வராது, 2.67 வரும். அச்சிடும் வடிவத்தில் எவ்வளவு வித்தை காட்டினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. முழு எண்ணாக வைத்துக்கொண்டால் நூறால் வகுத்த ஈவு ரூபாய், மீதி பைசா, அவ்வளவுதான். மீதியை எப்போதும் இரண்டு இலக்கமாக அச்சிட மறக்காதே. இல்லாவிட்டால் ஐந்து பைசா ஐம்பது பைசாவாகத் தெரியும். இன்னொரு பள்ளமும் அங்கே இருக்கிறது. உறுப்பினருக்குத் திருப்பித் தர வேண்டிய ஐம்பது பைசாவை -50 என்று வைத்து பைத்தானில் நூறால் வகுத்தால், ஈவு -1, மீதி 50 என்று வரும், ரசீதில் -1.50 என்று அச்சாகிவிடும். குறியை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய எண்ணை வகுத்து, கடைசியில் குறியை முன்னால் ஒட்டுவதே பாதுகாப்பானது.

காற்புள்ளிக்கு வருகிறேன். பைத்தானில் மதிப்புகளை வடிவமைத்து எழுத உதவும் எஃப்-சரத்தில் முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு காற்புள்ளியை எழுதினால் 1,234,567 என்று மும்மூன்றாகப் பிரிக்குமே தவிர, லட்சம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. ஜாவா மொழியில் எண்ணை வடிவமைக்கும் டெசிமல்ஃபார்மட்டும் அப்படித்தான்: இரண்டு விதமான இடைவெளி விட்டு வடிவம் எழுதிக் கொடுத்தாலும், கடைசிக் காற்புள்ளியை மட்டும் மதித்து மற்றதைப் புறக்கணிக்கும். உலகம் முழுவதற்குமான இந்த வழக்கங்களை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோடு அமைப்பு சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில் பராமரிக்கிறது. அதில் இந்தியத் தமிழுக்கு முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு மும்மூன்று என்றும் பதிவாகியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பேபல் என்ற பைத்தான் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) அந்தத் தரவைத்தான் எடுத்தாள்கிறது; மொழியையும் நாட்டையும் சொன்னால் 12,34,567 என்று எழுதித் தரும். ஆனால் கணினியில் அமைந்திருக்கும் நாட்டு வழக்கத்தை நிரல் தானாக எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடாதே. ஜெர்மானிய வழக்கத்தில் 12.500 என்பது பன்னிரண்டரை அல்ல, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.

இனி எனக்குப் பிடித்த பகுதி. உன் நிரல் ‘பன்னிரண்டு லட்சம் முப்பது நான்கு ஆயிரம் ஐந்து நூறு அறுபது ஏழு’ என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆங்கிலத்துக்காக எழுதிய வழிமுறையில் சொற்களை மட்டும் மாற்றியிருக்கிறாய். ஆங்கிலத்தில் எண்ணுப் பெயர்களை அடுத்தடுத்து வைத்தாலே போதும். நம் மொழியில் ஒவ்வொரு பெயருக்கும் முடிந்து நிற்கும் வடிவம் ஒன்றும், தொடரும் வடிவம் ஒன்றும் உண்டு. லட்சம் லட்சத்து ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும், நூறு நூற்று ஆகும், கோடியோ கோடியே ஆகும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ‘இதற்குப் பின் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா’ என்று நிரல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை விதி எழுதிச் சாமர்த்தியம் காட்ட முயலாமல், கையாலேயே அட்டவணையாக எழுதிவிடு. இருபத்தொன்று, இருபத்து மூன்று, இருபத்தைந்து என்று புணர்ச்சி மாறிக்கொண்டே இருப்பதால் அதுதான் குறைந்த வேலை. நூறுகளுக்கும் ஒன்பது பெயர்களைத் தனியே எழுதிக்கொள்: முந்நூறு, நானூறு, ஐந்நூறு, எண்ணூறு எல்லாம் ஒவ்வொரு விதம், தொள்ளாயிரமோ தனி வழி. ஆயிரத்துக்கு முன்னால் மூன்று மூவாயிரம் என்றும், ஐந்து ஐயாயிரம் என்றும், இருபத்தொன்று இருபத்தோராயிரம் என்றும் உருமாறுவதால், அதற்கும் ஓர் அட்டவணை தேவைப்படும். லட்சத்துக்கும் கோடிக்கும் முன்னால் ஒன்று ஒரு ஆவதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. கோடிகளின் எண்ணிக்கையே பெரிதாகும்போது எழுத்தால் எழுதும் அதே செயற்கூறு (நிரலின் அந்தப் பகுதி) தன்னைத்தானே அழைத்துக்கொள்ளட்டும். ‘ஒரு லட்சத்து இருபதாயிரம் கோடி’ என்பதில் இருபதாயிரம் முடிந்து நிற்கும் வடிவத்திலேயே இருப்பதைக் கவனி.

எஞ்சுவது ஒற்று. ‘ஆயிரத்து’, ‘நூற்று’ போன்றவற்றுக்குப் பின் வல்லினம் வந்தால் மிகும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அவற்றுக்குப் பின் வரக்கூடிய எண்ணுப் பெயர்களில் வல்லினத்தில் தொடங்குபவை பத்து முதல் பத்தொன்பது வரையும், தொண்ணூறுகளும், தொள்ளாயிரமும் மட்டுமே. ஆகவே அடுத்த சொல் ப-வரிசையில் தொடங்கினால் ‘ப்’, த-வரிசையில் தொடங்கினால் ‘த்’ என்று இரண்டே நிபந்தனைகளில் வேலை முடிந்துவிடும். கோடியே என்பதற்குப் பின் மட்டும் ஒற்று மிகாது.

தமிழ் இலக்கங்களிலேயே ரசீது போடலாமா என்றும் கேட்டிருந்தாய். பைத்தான் ‘௧௨௩’ என்ற சரத்தையும் எண்ணாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் பத்துக்கான ‘௰’ போன்ற பழைய குறிகளைக் கொடுத்தால் மறுத்துவிடும். தமிழுக்கான சுழியம் யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. ஆசை நல்லதுதான், ஆனால் மாதச் சந்தாவைக் கட்டிவிட்டு நிற்கிறவர் தொகையை ஒரே பார்வையில் சரிபார்க்க வேண்டும். ரசீதில் நம் வழக்கமான எண்களே இருக்கட்டும். ரூபாய்க் குறியும் சில பழைய ரசீது அச்சுப்பொறிகளில் வெறும் கட்டமாக வந்துவிடும், ‘ரூ.’ போதும்.

நிரலைத் திருத்தியபின் 900, 1,001, 9,999, 1,12,010, 1,20,00,000 ஆகிய தொகைகளைக் கொடுத்து, வருவதை எனக்கு அனுப்பு. நான்காவதற்கு ‘ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துப் பத்து’ என்று வந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சுழியத்தையும் ஒருமுறை கொடுத்துப் பார்; பெரும்பாலான நிரல்கள் அங்கே ‘ரூபாய் மட்டும்’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய வகுப்புத் தோழன்