‘ஒய்’ தட்டுமுன் பட்டியலைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, “அப்டேட் வந்தால் யோசிக்காமல் உடனே போட்டுவிடுங்கள்” என்று முடிந்திருந்தது. காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் சிறு கடைகளுக்கும் தோல் பட்டறைகளுக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளைப் பராமரித்து வருபவன் நான். அப்டேட் போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த ‘யோசிக்காமல்’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்து வியாபாரிகள் அப்டேட் என்றாலே பதறுவதற்குக் காரணம், யோசிக்காமல் போட்ட அப்டேட்டுகள்தான்.

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. பில் போடும் மென்பொருள் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதியது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 20.04 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிச் சரக்கு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்த வாரத்தில், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்கள் அனுப்பிய பையன் வந்து 22.04-க்கு ஏற்றிவிட்டுப் போனார். பி.எச்.பி. 7.4 போய் 8.1 வந்தது. பழைய பதிப்பில் இருந்த சில ஃபங்ஷன்களை (மொழியோடு வரும் தயார் கட்டளைகளை) 8-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். ‘ஈச்’ அவற்றில் ஒன்று. அந்த பில் நிரலில் அது பல இடங்களில் இருந்தது. மறுநாள் காலை கடை திறந்தால் பில் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கிறது. வாசலில் லாரி நிற்க, முதலாளி கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினார்.

20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025-ல் முடிந்துவிட்டது. ஆகவே மாற்றியது சரி. ஆனால் மாற்றும்போதே திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. எத்தனை பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) புதிதாக வரும், எத்தனை நீக்கப்படும் என்று காட்டிவிட்டு, தொடரலாமா என்று கேட்கிறது. அந்த இடத்தில் ‘ஆம்’ என்று பொருள்படும் ‘ஒய்’க்குப் பதில் ‘டி’ தட்டினால் பெயர் பெயராக விவரம் வரும். கடைசியில், இனித் தேவைப்படாத பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்றும் தனியாக ஒருமுறை கேட்கும். லாரியில் வந்த சரக்கைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த வியாபாரியும் இறக்க விடுவதில்லை. அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

உபுண்டுவோ, அதற்கு அடிப்படையான டெபியனோ வைத்திருப்பவர்களுக்காகச் சிலவற்றை விளக்கமாகச் சொல்கிறேன். இவற்றில் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கருவி ‘ஆப்ட்’. ‘ஆப்ட் அப்டேட்’ என்ற கட்டளை எதையும் மாற்றாது. இணையத்தில் உள்ள பேக்கேஜ் களஞ்சியத்தில் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவரும். ‘ஆப்ட் அப்கிரேட்’ பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும்; ஏற்கெனவே இருப்பது எதையும் நீக்காது. ‘ஃபுல் அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். ஆகவே அதை ஓட்டும்போது ‘ரிமூவ்டு’ என்ற தலைப்பின் கீழ் வரும் வரிகளில் கண் நிற்க வேண்டும். டேட்டாபேஸ் பெயரோ பி.எச்.பி. பெயரோ அங்கே தெரிந்தால் கை விசைப்பலகையிலிருந்து விலக வேண்டும். கட்டளையோடு ‘சிமுலேட்’ சேர்த்தால் வெறும் ஒத்திகை மட்டும் நடக்கும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம். ஒரு பேக்கேஜை எவையெல்லாம் சார்ந்திருக்கின்றன என்று பார்க்க ‘ஆப்ட் கேஷ் ஆர்டிபெண்ட்ஸ்’ இருக்கிறது. ஒன்றைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க ‘ஹோல்டு’ உண்டு. ஆனால் ஹோல்டு போட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறந்துபோனால் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும்.

“ஓடுற மெஷினைத் தொடாதே” என்று சொல்லி அப்டேட்டை அடியோடு நிறுத்திவைக்கும் சர்வீஸ்காரர்களையும் இங்கே கண்டிக்க வேண்டும். 2021 டிசம்பரில், ஜாவா மென்பொருள்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, பலருக்கு அது தங்கள் கணினியில் இருப்பதே தெரியாது. அவர்கள் நிறுவியது வேறொரு மென்பொருளை. லாக்4ஜே அதற்குள் டிபென்டென்சியாக (அது ஓடத் தேவைப்படும் துணைத் தொகுப்பாக) வந்து உட்கார்ந்திருந்தது. தெரியாத ஒன்றை யாராலும் சரிசெய்ய முடியாது.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தார்கள். குறி, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச். எஸ்எஸ்எச் நேரடியாக எக்ஸ்இசட்டைச் சார்ந்ததல்ல. டெபியன் போன்ற சில வெளியீடுகளில் எஸ்எஸ்எச்சை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு (பொது நிரல் தொகுப்போடு) இணைத்திருந்தார்கள். அந்த நூலகம் எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. அந்தச் சங்கிலி வழியாகத்தான் ஆபத்து வந்தது. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப் பிரிவுகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது. நன்கு சோதித்து முடித்த நிலைத்த வெளியீட்டை எட்டவில்லை. கடைக் கணினிக்கு நிலைத்த வெளியீடே போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து வேலை பழக வரும் பிள்ளைகள் பைத்தானில் சரளமாக நிரல் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் நிறுவிய பைத்தான் பேக்கேஜ்களின் டிபென்டென்சிகள் பொருந்துகின்றனவா என்று காட்டும் ‘பிப் செக்’ கட்டளையைத் தட்டிப் பார்த்தவர்கள் அபூர்வம். ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்ஜேஎஸ் படித்தவர்களிடம், எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் ‘லாக்’ (lock) கோப்பு எதற்கு என்று கேட்டால், அது தானாக வருவது, அழித்துவிடலாம் என்கிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வருகிறது. அடித்தளம் போட்டாகிவிட்டது. ஒரு பேக்கேஜைப் புதுப்பிப்பதற்கு முன் அதன் டிபென்டென்சிகளைப் பார்த்து எழுதுவதை அங்கேயே ஒரு செய்முறைப் பயிற்சியாக வைக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்பு ஒப்பந்தம் போடும் வியாபாரிகளும் இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்க வேண்டும்: அப்டேட்டுக்கு முன் பேக்கப், நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலில் உரிமையாளர் கையெழுத்து. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில், அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறெதற்கும் கணினியைத் திறக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்