ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா: நம் மிதிவண்டிச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, சீருடை, ஆண்டு விழா பற்றிய விவரங்கள் இணைப்பில் உள்ளன. இந்த ஆண்டு நிர்வாகக் குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரே பொருள்தான்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் இருவர் இருவராக இணைந்து ஓட்டுவது. எனவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

கார் ஓட்டுபவர்களிடமிருந்தும் பேருந்து ஓட்டுநர்களிடமிருந்தும் நமக்கு வரும் முறையீடு ஒன்றே: "ஓரமா, வரிசையா போகக் கூடாதா?" நம் உறுப்பினர்கள் சிலரின் பதில் "எங்களுக்கும் சாலையில் உரிமை உண்டு" என்பது. உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதிலால் யாருடைய பாதுகாப்பும் கூடுவதில்லை. இருவர் இணைந்து ஓட்டுவது சில இடங்களில் எல்லோருக்கும் நல்லது. சில இடங்களில் எல்லோருக்கும் ஆபத்து. எது எந்த இடம் என்பதைச் சாலையின் அகலத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட முடியும்.

முதலில் அகலம். ஒரு தடத்தின் அகலம் வழக்கமாக 3.5 மீட்டர். தார் விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி ஓட்டச் சொல்கிறோம். கடற்கரைச் சாலையின் விளிம்பில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் கிடக்கும்; மெல்லிய டயர் அதில் ஏறினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். ஹேண்டில்பாருக்கும் தோளுக்கும் சேர்த்து 60 செ.மீ. கடந்து போகும் கார் விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர். காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். கூட்டினால் 4.4 மீட்டர் வருகிறது. அதாவது ஒற்றை வரிசையில் போனாலும் ஒரே தடத்துக்குள் நம்மைப் பாதுகாப்பாகக் கடக்க எந்தக் காருக்கும் இடமில்லை. அது எப்படியும் பக்கத்துத் தடத்தில் கால் வைத்தாக வேண்டும். இரட்டை வரிசை என்றால் நடுவே 60 செ.மீ. இடைவெளியும் இன்னொரு சைக்கிளும் சேர்ந்து 5.6 மீட்டர் ஆகிறது. கூடுதலாகத் தேவைப்படுவது 1.2 மீட்டர்தான். பக்கத்துத் தடம் காலியாக இருந்தால் இரண்டு வகையிலும் கடக்கலாம். காலியாக இல்லாவிட்டால் இரண்டு வகையிலும் கடக்கக் கூடாது. ஒற்றை வரிசையில் போகும்போது நேரும் சிக்கல், "எப்படியாவது நுழைந்துவிடலாம்" என்று ஓட்டுநருக்குத் தோன்றுவதே. கை முட்டியை உரசிக்கொண்டு போகும் வண்டிகள் பெரும்பாலும் அப்படி நுழைபவைதான்.

அடுத்தது நீளம். ஒரு சைக்கிள் 1.7 மீட்டர், நடுவில் 2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 12 பேர் கொண்ட அணி ஒற்றை வரிசையில் 42 மீட்டர் நீளம். இரட்டை வரிசையில் 20 மீட்டர். நாம் மணிக்கு 25 கி.மீ. வேகத்திலும் பின்னால் வரும் கார் 60 கி.மீ. வேகத்திலும் போகிறோம். நமக்குப் பின்னும் முன்னும் பத்துப் பத்து மீட்டர் விட்டுக் கடக்க, ஒற்றை வரிசை என்றால் அந்தக் கார் ஆறரை நொடி எதிர்த்தடத்தில் இருக்கும். அதற்குள் ஏறக்குறைய 106 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே வருபவரும் அதே வேகம் என்றால் 210 மீட்டருக்கு மேல் சாலை வெறுமையாக இருக்க வேண்டும். இரட்டை வரிசை என்றால் நான்கு நொடி, 140 மீட்டர் போதும். திருப்போரூர்–நெம்மேலி போன்ற, நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் இந்த 70 மீட்டர் வேறுபாடு சிறியதல்ல.

இந்தக் கணக்கைக் கேட்டதும் "அப்படியானால் எப்போதும் இரட்டை வரிசையே போகலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் "வண்டி வந்தால் ஒற்றை ஆகிவிடுவோம், போனதும் இரட்டை" என்கிறார்கள். இரண்டாவது யோசனை மரியாதையானதாகத் தோன்றினாலும் இரண்டில் அதுவே அதிக ஆபத்தானது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

20 மீட்டர் அணி 42 மீட்டர் ஆக வேண்டுமென்றால் கடைசியில் இருப்பவர் 22 மீட்டர் பின்தங்க வேண்டும். மணிக்கு 5 கி.மீ. வேகம் குறைத்தால் நொடிக்கு 1.4 மீட்டர்தான் பின்தங்குவார். முழு மாற்றத்துக்கும் 16 நொடி பிடிக்கிறது. அந்த 16 நொடியில், 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நம்மை 240 மீட்டர் நெருங்கிவிடும். "வண்டி!" என்ற குரல் கேட்கும்போது அந்த வண்டி பெரும்பாலும் 50, 60 மீட்டரில் இருக்கிறது. ஆகவே அது நம்மைக் கடக்கும் அதே கணத்தில் நாம் பாதி ஒற்றை, பாதி இரட்டையாக இருப்போம். இடைவெளிகள் மிகக் குறுகியிருப்பதும், அவரவர் கண் பக்கத்துச் சைக்கிளின் சக்கரத்தில் இருப்பதும், யாரோ ஒருவர் பிரேக் பிடிப்பதும் அப்போதுதான். கார் ஓட்டுநருக்கும் நாம் எந்தப் பக்கம் அசைகிறோம் என்று புரியாது.

ஆகவே நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவு: ஒற்றையா இரட்டையா என்பதைச் சாலையின் பகுதியை வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வண்டி வந்தபின் தீர்மானிக்கக் கூடாது. புறப்படும் முன் லீட், அதாவது அணியை முன்னின்று நடத்திச் செல்பவர், அதை அணிக்குச் சொல்லிவிட வேண்டும். இரட்டை வரிசைக்கான பகுதியில் வண்டி பின்னால் வந்தால் நேராக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள்.

திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை ஒற்றை வரிசை மட்டும். கடைகள், பேருந்து நிறுத்தங்கள், திடீரெனத் திறக்கும் கார் கதவுகள், சாலை விரிவாக்கப் பணிகள் எல்லாம் அங்கே உண்டு. நிற்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு கதவின் அகலம், அதாவது ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். உத்தண்டி சுங்கச்சாவடியில் ஒற்றை. இடக்கோடி வழியில் ஒருவர் பின் ஒருவராக. அதைத் தாண்டி, நடுத்தடுப்புள்ள நான்கு தடப் பகுதியில், ஞாயிறு காலை போக்குவரத்து குறைவாக இருக்கும் நேரத்தில் இடத்தடத்துக்குள் இரட்டை வரிசை அனுமதி. பின்னால் வருபவர் வலத்தடத்துக்கு மாறி எளிதாகக் கடந்துவிடுவார். முட்டுக்காடு பாலத்தில் மறுபடி ஒற்றை: கழிமுகத்தின் மேல் பக்கக்காற்று தள்ளும், வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துபவர்களும் உண்டு. கோவளம் சந்திப்பிலும், மாமல்லபுரம் ஊருக்குள்ளும் ஒற்றை. வெயில் ஏறி, சுற்றுலா வண்டிகள் பெருகியபின் திரும்பும் வழி முழுவதும் ஒற்றை. சாலைப் பணியால் எந்தப் பகுதியாவது குறுகினால் அந்த வார லீட் மாற்றிச் சொல்லலாம்.

மாற வேண்டிய இடத்துக்கு 200 மீட்டர் முன்பே லீட் "ஒற்றை" என்று குரல் கொடுப்பார்; பின்னால் பார்த்து, வண்டி அருகில் இல்லை என்று உறுதி செய்தபின் ஸ்வீப், அதாவது அணியின் கடைசியில் வருபவர், அதைத் திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் அசைவு தொடங்கும். மாற்றம் பின்னாலிருந்து முன்னோக்கி வர வேண்டும். கடைசி ஜோடியில் வலப்பக்கம் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தி, இடப்பக்கம் இருப்பவருக்குப் பின்னால் சேர்வார். அந்த இடப்பக்கத்தவர் சற்றுப் பின்தங்கி, முன் ஜோடியின் வலப்பக்கத்தவருக்கு இடம் திறப்பார். இப்படியே முன்னோக்கி. முன்னிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? முதல் ஜோடி வேகம் குறைத்ததும் அடுத்தவர் பிரேக் பிடிப்பார், அதற்கடுத்தவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார், கடைசி ஜோடி நின்றே போகும். மாற்றம் முடியும் வரை லீட் வேகத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிரேக்கைத் தொடாமல், மிதிப்பதை விட்டே வேகம் குறைக்கப் பழகுங்கள்.

இணைந்து ஓட்டும்போது ஹேண்டில்பார்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். அரைச் சக்கரம் முந்திக்கொண்டே இருப்பவர் பக்கத்திலிருப்பவரை வேகமெடுக்க வைக்கிறார். அவர் எட்டியதும் மறுபடி அரைச் சக்கரம் முந்துகிறார். பத்து நிமிடத்தில் அணியின் வேகம் ஏறிப் பின்னால் இருப்பவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அதைவிட மோசமானது சக்கரங்கள் மேற்படிவது, அதாவது நம் முன்சக்கரம் முன்னிருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருப்பது. அவர் ஒரு பள்ளத்துக்காகச் சற்று விலகினாலும் உரசும். சைக்கிள் நிமிர்ந்து நிற்பது முன்சக்கரத்தை நுணுக்கமாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். உரசிய கணத்தில் அந்தத் திருப்பம் தடைபடுகிறது. அதனால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவரே. அவர் விழுவது பெரும்பாலும் சாலையின் நடுவில்.

மூவர் இணைந்து ஓட்டக் கூடாது. ஒரு நொடிக்கும் கூடாது. இரட்டை வரிசையில் இருக்கும் அணியை அணியிலுள்ளவரே முந்தினால் அது மூன்றாகிவிடுகிறது. பக்கக்காற்றில் ஒருவருக்கொருவர் மறைவாகச் சாய்கோட்டில் ஓட்டும் பழக்கம் பந்தயச் சாலைக்கு உரியது. அது தடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். நம் பயணங்களில் அதற்கு இடமில்லை.

குரல் பற்றி ஒரு திருத்தம். சந்திப்புகளில் முன்னால் போகிறவர் "கிளியர்" என்று கத்தும் வழக்கத்தை இந்த ஆண்டு நிறுத்தியிருக்கிறோம். அவருக்குக் காலியாக இருந்த சாலை மூன்று நொடி கழித்து நமக்குக் காலியாக இருக்காது. "வண்டி வருது" என்று மட்டும் சொல்லலாம். கடக்கலாமா என்பதை ஒவ்வொருவரும் தாமே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மற்றபடி பள்ளம், மணல், நாய், நிறுத்தம் ஆகிய சொற்கள் போதும். ஊர்களுக்குள் விடியலுக்கு முன் குரலைத் தாழ்த்திக் கைச்சைகையால் காட்டுங்கள். தூங்குகிறவர்களுக்கும் அந்தச் சாலை சொந்தம். வலக்கையால் சைகை காட்டும்போது இடக்கையில் எந்த பிரேக் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். இரவல் சைக்கிளில் வருபவர்கள் புறப்படும் முன் இதைச் சோதிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஓரமாக வரும் இருசக்கர வாகனங்கள் நம் சாலைகளில் தினசரி நடப்பு. அவர்களோடு வாதாடும் இடமல்ல அது. அவர்கள் விளிம்பை ஒட்டியே வருவார்கள். நாம் வலப்பக்கம் விலக வேண்டியிருக்கும். லீட் பின்னால் பார்த்து, முதுகுக்குப் பின் கையை வலப்பக்கம் அசைத்து, அணி முழுவதையும் ஒரே பக்கம் கொண்டு போக வேண்டும். பாதிப் பேர் இடமும் பாதிப் பேர் வலமும் பிரிந்தால் வருபவருக்குப் போக வழியிருக்காது. நடந்து செல்பவர்களைப் பின்னாலிருந்து கடக்கும்போது பத்து மீட்டர் முன்பே மணி அடியுங்கள். சைக்கிள் வருவது காதில் விழாது; பக்கத்தில் வந்தபின் அடித்தால் அவர்கள் திடுக்கிட்டு நம் பக்கமே திரும்புவார்கள்.

விளக்கு: அணிக்குள் இருப்பவர்களின் பின்விளக்கு நிலையாக எரியட்டும். மினுங்கும் விளக்கு பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்து தூரக்கணிப்பைக் கெடுக்கிறது. ஸ்வீப் மட்டும் நிலையான விளக்கு ஒன்றும் மினுங்குவது ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொள்வார். முன்விளக்கைச் சாலையை நோக்கித் தாழ்த்துங்கள். காதில் இயர்போன் அணிந்து வருபவர்களை அணியில் சேர்ப்பதில்லை. தேநீருக்கு நிற்கும்போது சைக்கிள்களும் ஆட்களும் தாரை விட்டு முழுவதும் இறங்கியிருக்க வேண்டும்.

"இணைந்து ஓட்டச் சட்டத்தில் இடமுண்டா?" என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். பிரிட்டனில் 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த சாலைவிதித் திருத்தம் இருவர் இணைந்து ஓட்டலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. சைக்கிளைக் கடக்கும் வண்டி 30 மைல் வேகம் வரை 1.5 மீட்டர், அதற்கு மேல் இன்னும் கூடுதல் இடைவெளி விடவும் சொல்கிறது. பின்னால் வருபவரைக் கவனித்து, பாதுகாப்பான இடத்தில் கடக்க விடும் பொறுப்பைச் சைக்கிள் ஓட்டுபவருக்கும் அதே விதி தருகிறது. ஜெர்மனியில் 2020 திருத்தத்தின்படி ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். அங்கே 15 பேருக்கு மேற்பட்ட அணி ஒரே வாகனத்தொடராகக் கருதப்பட்டு இருவர் இருவராகச் செல்லலாம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் தனிக் கவனம் செலுத்த வேண்டிய கடமையை ஓட்டுநர்மீது வைக்கின்றன. அந்தக் கடமையைக் கேட்டுப் பெற வேண்டுமானால், நம் அசைவை முன்கூட்டியே ஊகிக்க முடியும்படி நாம் ஓட்ட வேண்டும் என்பது குழுவின் கருத்து.

விபத்து நேர்ந்தால் முதலில் ஸ்வீப் பின்னால் 50 மீட்டர் ஓடிப்போய் வண்டிகளை எச்சரிக்க வேண்டும். ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். மற்றவர்கள் சாலையை விட்டு இறங்க வேண்டும். அடிபட்டவரின் ஹெல்மெட்டைப் பயிற்சியில்லாதவர் கழற்ற வேண்டாம். 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். உதவிக்கு வரும் பொதுமக்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. தயங்கி நிற்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஓர் அணிக்கு 12 பேருக்கு மேல் கூடாது; கடந்து வரும் கார் உள்ளே திரும்ப இடம் கிடைக்கும்படி இரண்டு அணிகளுக்கு நடுவே 200 மீட்டராவது இருக்க வேண்டும். இரண்டாவது, புதிய உறுப்பினர்கள் போக்குவரத்து இல்லாத மைதானத்தில் ஒற்றை–இரட்டை மாற்றத்தை ஸ்வீப் ஒருவரின் மேற்பார்வையில் பழகித் தேறிய பிறகே கடற்கரைச் சாலைப் பயணத்தில் சேரலாம். மூன்றாவது, லீட் சொன்ன வரிசையை மீறுபவரை அன்றைய பயணத்திலிருந்து விலக்கும் அதிகாரம், பதவி பாராமல், ஸ்வீப்பிடம் இருக்கும். மூன்றாவது தீர்மானத்தில் நிர்வாகக் குழுவில் கருத்து வேறுபாடு இருந்ததால் அதைத் தனியாக வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்