அமாவாசைப் படையலில் பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மகாளய அமாவாசை நெருங்கினால் எந்தத் துறையில் நீராடலாம், எத்தனை மணிக்குத் தர்ப்பணம் என்றெல்லாம் நாளிதழ்களில் வருகிறது. வீட்டிலிருக்கும் குழந்தைக்கு என்ன சொல்லித் தருவது என்பது மட்டும் வருவதில்லை. "தொடாதே, தள்ளி நில்" என்பதோடு பல வீடுகளில் முடிந்துவிடுகிறது. தர்ப்பணம் தந்தையை இழந்தவர் செய்வது. படையலில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் வேலை உண்டு.

இறந்தவரின் படத்தைப் பிள்ளைகளே துடைக்கட்டும், உலர்ந்த துணியால். ஈரத்துணி பட்டு சட்டத்தின் இடுக்கில் நீர் இறங்கினால் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தால் பொட்டு வழியாது.

இலையின் நுனி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். சாப்பிடுபவருக்கு இடப்பக்கம். படத்திலிருப்பவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், ஆகவே நமக்கு வலப்பக்கம். தாத்தாவுக்குத்தான் இலை போடுகிறோம் என்பது பிள்ளைக்கு அங்கேயே புரிந்துவிடும். வாழைக்காய், அவரை என்று வழக்கப்படி சமைத்தாலும், அவர் விரும்பிச் சாப்பிட்ட ஒன்றையும் வையுங்கள். ஏன் இது என்று பிள்ளை கேட்கும். பேச்சு அதிலிருந்து வளரும்.

காக்கைக்குச் சோறு வைக்கும்போதுதான் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துகிறோம். காக்கை வராவிட்டால் "தாத்தாவுக்குக் கோபம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தான் செய்த ஏதோ தப்பால்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். சோறு சுட்டிருக்கும், நாம் பக்கத்திலேயே நின்றிருப்போம், அல்லது காக்கைக்கு அந்த இடம் புதிதாக இருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே அதே சுவரில், அதே நேரத்தில் ஒரு பிடி ஆறிய சோற்றை இலைத்துண்டில் வைத்துவிட்டு விலகி வந்துவிடுங்கள். அமாவாசையன்று பெரும்பாலும் தேடி வரும்.

"தாத்தா தூங்குகிறார்" என்பதும் வேண்டாம். சின்னப் பிள்ளை அப்படியே நம்பி, இரவில் தூங்கப் பயப்படும். "இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அவரை நினைத்துக் கும்பிடுகிறோம்" என்பதே போதும்.

தர்ப்பணத்தில் அப்பா வழியில் ஆறு, அம்மா வழியில் ஆறு எனப் பன்னிரண்டு பெயர்கள் வரும். கொள்ளுப்பாட்டியின் பெயரிலேயே பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். வீட்டு மூத்தவரிடம் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: பெயர், ஊர், இறந்த மாதம், திதி. படத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதட்டும். பேனா மை ஈரத்தில் ஊறிப் படத்துக்கு இறங்கும்.

பன்னிரண்டு வெற்றுக் கட்டங்களைத் தங்கள் சிறுவர் பகுதியில் அச்சிட்டால், அமாவாசைக்குள் பிள்ளைகள் வெட்டி எடுத்து நிரப்பிவிடுவார்கள்.

– தொடக்கப்பள்ளி ஆசிரியை, கும்பகோணம்