ஒரு கைப்பிடி மொச்சை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் அடுக்களை மேடையில் டின் டின்னாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பீன்ஸ், கேரட், சோளம். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று. நீ சட்டென்று போனைத் திருப்பிவிட்டாய். அம்மா கவனிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அன்றைக்கும் வேலை என்றாய், சரி.

"காய்தானேப்பா சாப்பிடுறேன்" என்றாயே, அதுதான் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டின் காய் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நார்ச்சத்து பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் மூடி அதிகச் சூட்டில் வேகவைப்பதால் வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற வைட்டமின்களில் கொஞ்சம் அழிந்தும் கொஞ்சம் அந்தத் தண்ணீரில் இறங்கியும் போய்விடும், அந்தத் தண்ணீரை நீ கொட்டிவிடுவாய். அதற்காகக் கொட்டாமல் இருக்காதே, உப்பு அதில் நிறைய நிற்கிறது. கொட்டிவிட்டு நன்றாக அலசு. டின்னின் மேல் சோடியம் அளவு போட்டிருக்கும், ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

டின்னில் வரும் பச்சை பீன்ஸ் காய் 100 கிராமில் புரதம் 1 கிராம்தான் தேறும். வேகவைத்த பாசிப்பயறு அதே அளவில் 7 கிராம். பச்சைப் பட்டாணியில் 5, கூடவே வைட்டமின் சியும் 40 மில்லிகிராம். டின்னில்தான் வேண்டுமென்றால் கொண்டைக்கடலை டின்னாவது வாங்கு, புரதம் எங்கேயும் போகாது. நீ இளைத்திருக்கிறாய் கண்ணு. கழுத்தெலும்பு தெரிகிறது. பெரிய வேலையில் இருக்கிறாய், ஊரில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் மூன்று மாதமாக எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே பதில் சொல்கிறாய். பெற்றவர்களிடம் இப்படிப் பேசலாமா?

உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2008 தை மாதம் இரண்டு ஏக்கரிலும் மொச்சை கொட்டிக் கிடந்தது. மூட்டை மூட்டையாகத் தருமபுரி சந்தைக்கு ஏற்றினேன். அந்த மாதம்தான் உன் அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 7தான், ரத்தசோகை என்றார் டாக்டர். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சமிருந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாளாம், அதைக்கூட நீதான் டாக்டரிடம் சொன்னாய். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் தட்டை நான் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. மொச்சைக்கு என்ன விலை கிடைத்தது என்பது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது ராத்திரியில் அவளோடு உட்கார்ந்து மொச்சை உரிக்கிறேன், பிதுக்குப் பருப்புக்குத் தோலும் நானே பிதுக்குகிறேன். முதல் தட்டு அவளுக்குத்தான்.

அங்கே கனடாவில், ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் ஃப்ரீசரில் மொச்சை இருக்கும், அதில் சத்து அவ்வளவாகக் குறையாது. குழம்பு வைத்தால் எலுமிச்சை பிழிந்துகொள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, அது இரும்பைச் சேரவிடாது. திரும்பவும் சொல்கிறேன், டின்னை அலசு.

காய்ந்த மொச்சை கிடைத்தால் ராத்திரியே ஊறப்போட்டுவிடு. ஒரு தட்டுக்கு ஒரு கைப்பிடி போதும்.

அப்பா