கமிட்டி பெரியவங்களுக்கு: அந்த பரிவட்டத்த முறை வச்சு சுத்த விடுங்க

மதிப்புக்குரிய திருவிழா கமிட்டி தலைவர் மாமா, பொருளாளர் சித்தப்பா, மத்த பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் எந்த வீட்டுப் பயன்னு உங்களுக்குத் தெரியும், அதனால ஊர் பேரும் போடல, ஆள் பேரும் போடல. மதுரைக்கு மேக்க பஸ்ல ஒரு மணி நேரம், அது போதும். நேர்ல வந்து சொல்லாம என்னடா ஊருக்கே தெரியிற மாதிரி எழுதுறேன்னு கேப்பீங்க. நேர்லயும் வந்தேன். பங்குனிப் பொங்கல் திருவிழா முடிஞ்ச மறுநாளே மந்தையில வச்சு சொன்னேன், "சரிடா பாப்போம்"னு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சீங்க. டீ நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், அட்மின் தம்பி ஒரு கும்பிடு பொம்மைய போட்டுட்டு இனிமே அட்மின் மட்டும்தான் பேசலாம்னு குரூப்பயே மாத்திட்டாப்ல. அதான் இந்த மடல்.

நடந்தது உங்களுக்கு தெரியாதது இல்ல, நீங்க அங்கதான் இருந்தீங்க, பந்தலுக்குள்ள. கம்மாக்கரையில பத்து மணிக்கு சட்டி வளத்தாச்சு. மொத்தம் 43 அக்கினிச்சட்டி, பத்து நாப்பதுக்கெல்லாம் மந்தைக்கு வந்து சேந்தாச்சு. அரமனை வீட்டு ஆளுக்கு தலையில பரிவட்டத் துணி கட்டி முதல் மரியாதை கொடுத்த பிறகுதான் சட்டி கோயிலுக்குள்ள போகணும், அதான் வழக்கம். அந்த வீட்டு பேரன் சென்னையில இருந்து வர்றாரு. கார் வரல. மைக்குல "அரமனை கார் நாகமலை தாண்டிருச்சு, பக்தகோடிகள் பொறுமை காக்கவும்"னு சொன்னாய்ங்க. அரை மணி நேரம் கழிச்சு மறுபடியும் நாகமலை தாண்டிருச்சு. அப்புறம் இன்னொரு தடவையும் தாண்டுச்சு. நாகமலை எம்புட்டு நீளம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

பங்குனி வெயில், கீழ தார் ரோடு, கையில நெருப்பு. நேந்துகிட்டவங்க சட்டிய கீழ இறக்க முடியுமா, முடியாது. வேப்பிலைய மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு ஒத்தக் கால மாத்தி ஒத்தக் கால்ல நின்னாங்க. எங்க தெரு பொம்பளைக குடத்துல தண்ணி கொண்டாந்து ரோட்டுல ஊத்தி ஊத்தி பாத்தாங்க, ஊத்துன வேகத்துல காஞ்சு போகுது. அந்த 43 பேருல எங்க அம்மாவும் ஒரு ஆளு. வயசு 61. அண்ணன் மகனுக்கு டைபாய்டு வந்து படுத்தப்ப நேந்துகிட்டது.

கார் வந்தப்ப மணி ஒண்ணு அஞ்சு. ரெண்டு மணி நேரம் இருபத்தஞ்சு நிமிஷம். அந்த தம்பி இறங்குனாரு, பரிவட்டம் கட்டுனீங்க, மாலை போட்டீங்க, காளாஞ்சி வாங்கிட்டாரு, நாலு பேரு செல்பி எடுத்தாய்ங்க, சட்டி உள்ள போறதுக்கு முன்னாடியே கார் திரும்பிருச்சு. நான் மொபைல்ல பாத்துகிட்டு இருந்தேன், சரியா பதினோரு நிமிஷம். அந்தத் தம்பி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவரு பாவம், கூப்பிட்டீங்க வந்தாரு. அம்மன் கோயில் வாசப்படி கிழக்க பாத்தா இருக்கா மேக்க பாத்தா இருக்கான்னே அவருக்கு தெரியாது.

அம்மா ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் கால் கழுவ தண்ணி மோந்து ஊத்துறப்பதான் பாத்தோம், ரெண்டு பாதத்துலயும் தோல் கழண்டு வருது. "எனக்கு சுடவே இல்லடா, ஆத்தா என்னைய சுடாம பாத்துகிட்டா"ங்குது அம்மா, மூஞ்சியில அவ்வளவு சந்தோசம். அம்மாவுக்கு பதினாலு வருசமா சுகர். டவுன் ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்துட்டு சொன்னாரு, சுகர் ரொம்ப நாளா இருக்கறவங்களுக்கு கால் நரம்பு மரத்துப் போயிரும், சூடு தெரியாது, அதான் இவங்க நகரவே இல்லன்னு. அம்மா சொல்றத நான் பொய்யுன்னு சொல்ல மாட்டேன். டாக்டர் சொல்றதும் பொய் இல்ல. இன்னைய வரைக்கும் எடது கால் விரலிடுக்குல புண்ணு ஆறல, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்த கூட்டிட்டு போறேன், கடைய பாதி நாள் பூட்டிட்டு. விரல எடுக்க வேண்டி வராதுன்னு இந்த வாரந்தான் சொன்னாங்க. பந்தல்ல டேபிள் ஃபேன் வேற ஓடுச்சு சித்தப்பா, நான் பாத்தேன்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பரிவட்டத்த ஒரு வம்சத்துக்குன்னு வைக்காம முறை வச்சு ஊருக்குள்ள சுத்த விடுங்க. தெருவுக்கு ஒரு வருசம், இல்ல தலக்கட்டு, அதாவது குடும்ப வரிசைப்படி, இல்ல சீட்டு குலுக்கிப் போடுங்க, எப்படி வேணாலும் செய்ங்க. வர்ற முறைக்காரர் நேரத்துக்கு வரலைன்னா அடுத்த முறைக்காரருக்கு கட்டிட்டு சட்டிய உள்ள விடுங்க. அம்புட்டுத்தான்.

இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்கு மனப்பாடம். "ராஜ வம்சம்டா, வழிவழியா வர்றது." மாமா, கோவிச்சுக்காதீங்க, அவங்க ஜமீன். ராஜா வேற ஜமீன் வேற. 1801-ல கம்பெனிக்காரன் பாளையக்காரங்கள அடக்கி ஒடுக்கிட்டு, கும்பினிக்கு ஒழுங்கா பேஷ்குஷ், அதாவது கப்பம் கட்டுறேன்னவங்களுக்கு எழுதிக் கொடுத்த பட்டம் அது. நம்ம பாட்டன் பூட்டன்கிட்ட வரி வசூல் பண்ணி அவன்கிட்ட கட்டுனாங்க. அதையும் 1948-ல மெட்ராஸ் சட்டசபையில சட்டம் போட்டு ஒழிச்சாச்சு, அந்த வருசத்து 26-வது சட்டம். அப்புறம் 1950 ஜனவரி 26-ல நாடே குடியரசு ஆச்சு. நெசமாவே சமஸ்தானம் வச்சிருந்த ராஜாக்களுக்கு கொடுத்துகிட்டு இருந்த மானியத்தையும் 1971-ல நிறுத்தினாங்க, அது அரசியல் சட்டத்துல 26-வது திருத்தம். 26ங்கிற நம்பருக்கும் ராஜாக்களுக்கும் ராசியே இல்ல போல. நம்ம ஊருக்கு மட்டும் அந்த 26 இன்னும் வந்து சேரல, அதுவும் நாகமலை தாண்டிக்கிட்டு இருக்கோ என்னவோ.

ராஜான்னா புதுக்கோட்டைய பாருங்க. தமிழ்நாட்டுக்குள்ள கடைசி வரைக்கும் சமஸ்தானமா இருந்தது அது ஒண்ணுதான். 1948 மார்ச்சுல இந்தியாவோட சேத்தாச்சு, அந்த அரண்மனையிலதான் இன்னைக்கு கலெக்டர் ஆபீஸ் நடக்குது. நெசமான ராஜாவே அரண்மனைய விட்டுட்டாரு, நம்மளால ஒரு துணித்துண்ட விட முடியலையா?

குரூப்ல ஒரு அண்ணே எழுதினாரு, "இங்கிலாந்துலயே ராஜா இருக்காரு, அவனெல்லாம் முட்டாளா"ன்னு. இருக்காரு. 2023 மே மாசம் சார்லஸுக்கு முடிசூட்டுனத நானும் டிவியில பாத்தேன். வெள்ளைக்காரன் ராஜாவ வச்சுக்கிட்டாலும் அதிகாரத்த பார்லிமெண்டுக்கு கொடுத்துட்டான், அது ஒரு வழி. பார்படாஸ் 2021 நவம்பர்ல இங்கிலாந்து ராணி வேணாம்னு குடியரசாச்சு, அது ஒரு வழி. ஆஸ்திரேலியாவுல 1999-ல ஜனங்ககிட்டயே ஓட்டுக்கு விட்டாங்க, நூத்துக்கு அம்பத்தஞ்சு பேரு ராணியே இருக்கட்டும்னு போட்டாங்க. சரி, இருக்கட்டும். ஆனா கேட்டாங்கள்ல? நம்மள யாரு கேட்டா? தலக்கட்டு வரி இந்த வருசம் ஆயிரத்து ஐநூறு, புருசன் இல்லாத வீட்டுலயும் பாதி வரி வாங்குறீங்க, அரமனை வீட்டுக்கு வரியே கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. வரி கட்டுறவன் வெயில்ல, கட்டாதவன் கார்ல.

நான் மலேசியாவுல ஆறு வருசம் வேலை பாத்தவன், அங்க பாத்தத சொல்றேன். அங்க ஒம்பது மாநிலத்துக்கு ராஜ குடும்பத்து ஆளுங்க சுல்தான், ராஜான்னு இருக்காங்க. ஆனா நாட்டுக்கு ராஜான்னா அஞ்சு வருசத்துக்கு ஒருத்தர், அந்த ஒம்பது பேரும் கூடி ஓட்டுப் போட்டு முறை மாத்துவாங்க. நான் அங்க இருக்கும்போதே 2019 ஜனவரியில ஒருத்தரு பாதியிலயே விலகிட்டாரு, அந்த மாசம் முடியறதுக்குள்ள அடுத்தவரு வந்தாச்சு. நாடு நிக்கல. எங்க சூப்பர்வைசர் ஷிப்டக்கூட மாத்தல. ராஜா இருக்குற நாட்டுலயே முறை வச்சு சுத்துது, குடியரசுல இருக்குற நம்ம ஊர்ல சுத்த மாட்டேங்குது.

மலேசியா தூரம்னா வேணாம், மதுரைக்கே வாங்க. சித்திரையில மீனாட்சிக்கு பட்டாபிஷேகம் பண்ணி செங்கோல கொடுக்கிறாங்க. அவளே மதுரைய காலத்துக்கும் ஆள்றதில்ல, நாலு மாசம்தான். ஆவணி மூலத்துக்கு சுந்தரேஸ்வரருக்கு பட்டாபிஷேகம், மிச்ச எட்டு மாசம் அவரு ஆட்சி. மீனாட்சியே முறை வச்சு செங்கோல கை மாத்துறா. அவளுக்கு மேலயா நம்ம அரமனை வீடு?

ராஜா இல்லன்னா எல்லாம் சரியாயிரும்னு சொல்ற அளவுக்கு நான் வெவரம் கெட்டவன் இல்ல. நேபாளத்துல 2008-ல ராஜாவ எறக்குனாங்க, 2025 மார்ச்சுல அதே நாட்டு காத்மாண்டுல ராஜா திரும்ப வரணும்னு ஊர்வலம் போய் கலவரமாச்சு. ஓட்டுப் போட்டு வந்தவங்க மேல அவ்வளவு வெறுப்பு. இங்க மட்டும் என்ன வாழுது, அப்பன் உக்காந்த சீட்டுல மகன், மகன் உக்காந்த சீட்டுல பேரன், கட்சி எதுவா இருந்தாலும் கதை ஒண்ணுதான், ராஜா வேணாம்னு சொல்லிட்டு ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒரு தொகுதி எழுதிக் கொடுத்துட்டோம். சரி, அத விடுங்க, நான் அங்கிட்டு போனா இந்த மடல் முடியாது.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். இந்த ஜனவரி 26-க்கு நம்ம மண்டபத்துல கிராம சபை நடந்துச்சுல்ல. நடுவுல அரமனை நாற்காலி, மேல பட்டுத் துணி போத்தி, காலியா. நம்ம ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச தலைவர் அக்கா பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து தீர்மானம் வாசிச்சாங்க. குடியரசு தினத்தன்னைக்கு. ஒருத்தருக்கும் அது வித்தியாசமா தெரியல, எனக்கும் அன்னைக்கு தெரியல. அம்மா காலுக்கு கட்டு போட உக்காந்திருக்கும்போதுதான் அந்த நாற்காலி ஞாபகம் வந்துச்சு.

நான் கேஸ் போட போறேன்னு யாரோ கெளப்பி விட்டிருக்காய்ங்க. போடல. மரியாதை யாருக்குன்னு தகராறு வந்தா அறநிலையத்துறை இணை ஆணையர்கிட்ட போகலாம்னு 1959 சட்டத்துல 63-வது பிரிவு இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா நம்ம ஊர் விசயத்த ஆபீசு ஆபீசா தூக்கிட்டு அலைய எனக்கு இஷ்டம் இல்ல. அந்த வீட்டு பெரியவரு அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தாரு, நானும் அந்த பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன், அதுக்கு நன்றி எப்பவும் உண்டு. அவங்க முறை வர்ற வருசம் அவங்களும் வந்து கட்டிக்கட்டும், நானே மாலை வாங்கிட்டு வர்றேன். பத்து மணிக்கு வரட்டும்.

கோவத்துல ரெண்டு வார்த்தை கூட வந்திருந்தா சின்னப் பயன்னு மன்னிச்சுக்கோங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கணக்கு முடிக்கிற கூட்டத்துல இத ஒரு தீர்மானமா வச்சு, கை தூக்க சொல்லி எண்ணுங்கன்னு பணிவா கேட்டுக்கிறேன். பரிவட்டம் முறை வச்சு சுத்தணும். பொம்பளைகளையும் எண்ணுங்க, சட்டி எடுத்ததுல முக்காவாசி அவங்கதான். தோத்துட்டேன்னா தோத்துட்டேன், ஆஸ்திரேலியாக்காரன் மாதிரி ஒத்துக்கிறேன்.

அம்மாவுக்கு இந்த மடல் எழுதுனது தெரியாது, தெரிஞ்சா திட்டும். அடுத்த வருசமும் சட்டி எடுக்கணும்னு இப்பவே சொல்லிக்கிட்டு இருக்கு. எத்தன மணிக்கு உள்ள விடுவீங்கன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க மாமா.

இப்படிக்கு,
இந்த வருச தலக்கட்டு வரி முழுசா கட்டி ரசீது வச்சிருக்கிற ஒருத்தன்